சாய்கோட்டுக்குப் பின்னால் என் பெயர்

இறால் பொரிக்கிற வாசம் வந்தால் இப்போதெல்லாம் எனக்குப் பசி வருவதில்லை, மதினி. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வருகிறது. அன்றைக்கு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இருந்தேன். புத்தளத்திலிருந்து வந்த என் மகள் ஜெஸீமா சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் மகள் ஷிப்னா இருந்தாள். ஷிப்னாவோடு வேலை செய்கிற இரண்டு பேர், கொழும்பிலிருந்து டொல்பின் பார்க்க வந்து கண்டக்குழியில் தங்கியிருந்தவர்கள், நிரோஷன் என்ற பொடியனும் ருவனி என்ற சிங்களப் பிள்ளையும் இருந்தார்கள். நீங்கள் இல்லை. நீங்கள் மையவாடி மண்ணுக்குள் போய் ஒரு நோன்பு மாதம் கடந்திருந்தது. ஆனாலும் அன்றைக்கு அந்த மேசையில் அதிகம் பேசியது நீங்கள்தான்.

இதை ஷிப்னாவிடம் சொல்லி எழுதுவிக்கவில்லை. என் கையாலேயே எழுதுகிறேன். பாதிப் படிப்போடு அடுப்படிக்கு அனுப்பப்பட்டவளின் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். இருக்கட்டும். என் சொல்லை இன்னொருவர் வாயில் போட்டு வைத்து நான் கண்டது போதும்.

ஷிப்னாவின் வேலை உங்களுக்குத் தெரியும். என் முன்னறையில் கணினியை விரித்து வைத்துக்கொண்டு கம்பனிக்கு புரோகிராம் எழுதுகிறாள். கடைசிக் காலத்தில் நீங்கள்கூட அவள் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, அவளுக்கு உதவுகிற அந்த ஏஐயோடு அவள் கதைப்பதைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் அடுப்படியில் இருந்தேன். உங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருந்தேன்.

அந்த ஞாயிறு, கை கழுவி உட்கார்ந்ததும் ருவனி என்னையே பார்த்தாள். ஷிப்னா என்னைக் கூப்பிடுகிற மாதிரியே, தெரிந்த தமிழில், "இவங்களா அந்த உம்மும்மா?" என்று கேட்டாள்.

நிரோஷன் சிரித்தான். "எங்கட ஒஃபீஸ் முழுக்க உங்களுக்குத்தான் பயம், உம்மும்மா."

"நான் உங்கட ஒஃபீஸ் பக்கமே வரல்லையே, மகன்."

"ஒவ்வொரு நாளும் வாறீங்க! அந்த மெஷினுக்கு ஒவ்வொரு தரமும் நீளமாச் சொல்லிக்கொண்டிருக்க ஏலாதுதானே. செய்ய வேண்டியத ஒருக்கா ஃபைல்ல எழுதி, அதுக்கு ஒரு பேர் வெச்சிட்டாப் போதும். பிறகு ஒரு சாய்கோடு போட்டு அந்தப் பேர அடிச்சாச் சரி. எழுதினது முழுக்க அது செய்யும். ஷிப்னா செஞ்ச கட்டளைக்குப் பேர் உம்மும்மா. வேலைய அனுப்ப முந்தி எல்லாரும் உங்களக் கூப்பிடுவம். நீங்க பார்த்து ஏசாம ஒண்டும் வெளிய போகாது."

"நிரோஷன், சாப்பிடுங்க," என்றாள் ஷிப்னா. நான்தான் விடவில்லை. என்ன எழுதியிருக்கிறாள் என்று வாசிக்கச் சொன்னேன். அவன் இடது கையால் போனை எடுத்து, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கிச் சொன்னான். நீ கண் கூர்மையான ஒரு கிழவி. ஒரு பிழையையும் மறக்காதவள். பழைய பிழை திரும்பி வந்தால், முன்னம் எப்போது வந்தது, யாரால் வந்தது என்று சொல். பரவாயில்லை என்ற சொல் உன் வாயில் வரக்கூடாது.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கேயோ கொழும்பில் கட்டைக் காற்சட்டை போட்ட பிள்ளைகள் என் பெயரை அடித்துவிட்டுப் பயந்து உட்கார்ந்திருக்கிறார்கள்! அவன் பீங்கானில் இன்னும் இரண்டு இறால் வைத்தேன். அவன் உற்சாகமாக அடுத்த வரிக்குப் போனான்.

உன் சொந்தப் பிள்ளை செய்த பிழையானாலும் விடாதே. வாப்பாவின் மையத்து முகம் பார்க்க வராத மகளுக்குச் சிரித்த முகத்தோடு சோறு போட்டுக்கொண்டே, இன்றுவரை அவளை மன்னிக்காதவள் நீ.

வாசித்து முடித்த பிறகுதான் அவனுக்கு விளங்கியது. ருவனிக்கு விளங்கவில்லை, அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜெஸீமா சோற்றுச் சட்டியை மேசையில் வைத்தாள்.

"உம்மா, இது உண்மையா?"

இல்லை என்று சொல்லாமல் இறால் பீங்கானை அவள் பக்கம் தள்ளினேன், மதினி. அவள் கையைத் துடைத்தாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அஸர் தொழுதால் எனக்குப் போன் எடுக்காமல் இருக்காதவள், அன்றோடு நிறுத்தினாள்.

விருந்தாளிகள் போன பிறகு ஷிப்னாவைப் பிடித்தேன். "யாருடி உனக்கு இதச் சொன்ன?"

அழுதுகொண்டு சொன்னாள். "அந்த மெஷின் எழுதினத அதுட்டயே பாக்கச் சொன்னா, எல்லாம் நல்லா ஈக்கிண்டு சொல்லுது, உம்மும்மா. தான் பெத்த புள்ளைய ஏச அதுக்கு மனசு வரல்ல. ஒரு உதாரணம் குடுத்தாத்தான் விளங்கும். உம்மும்மா சொந்தப் புள்ளையயும் விட மாட்டாவாண்டு உம்மாட மாமிட்ட கேட்டன். மாமிதான் சொன்னா. எனக்கு மட்டும் வெச்சிக்கத்தான் எழுதின. பிறகு எல்லாரும் கேக்க அப்பிடியே குடுத்திட்டன். அந்த வரி உள்ளுக்கு ஈக்கிறது மறந்து போச்சி."

மறந்து போச்சு என்ற சொல்லை என்னிடமே சொன்னாள், பாருங்கள். ஆனால் அவளை ஏசவில்லை. அவள் எழுதியவள். கொடுத்தவர் நீங்கள்.

அவர் மௌத்தான பிறகு நான் வெளியே போகாமல் இத்தா இருந்தபோது என் அறைக்குள் வந்து போன வாய் உங்களுடையது ஒன்றுதான். வெள்ளைச் சேலையோடு சுவரில் சாய்ந்திருந்த நான் உங்களிடம் மட்டும் சொன்னேன். ஜெஸீமா மையத்து எடுத்த பிறகு வந்தாள், வருகிற வழியில் பாலாவியில் மழையாம், ரோட்டுக்கு மேலால் தண்ணி என்றாள், அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் இல்லை. வராதது ஒரு பக்கம். கபுறில் மண் காயுமுன் பொய் சொன்னாளே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நீங்கள் உச்சுக் கொட்டினீர்கள். என் முதுகைத் தடவினீர்கள். "மனசுல வெச்சிக்கோ புள்ள, வாயில வெக்காத," என்றீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் இத்தனை வருஷம் மகள் முன்னால் சிரித்தேன்.

போன மாதம் ஜெஸீமா வந்தாள். சொல்லாமல் வந்தாள். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"அன்டைக்கு மழை இல்லத்தான், உம்மா. வாப்பா முந்தி ஏசின கோபத்துல என்ட புருஷன் என்னைய உள்ளுக்கு வெச்சிப் பூட்டிட்டுப் போயிட்டார். மாமிக்குப் போன் எடுத்துக் கத்தின. மாமிதான் வந்து தொறந்து உட்டா. மையத்து வீட்டுல சண்டை வேணாம், ரோட்டுல தண்ணியெண்டு சொல்லு, உம்மாட்ட நான் ஆறுதலா உண்மையச் சொல்றண்டா. சொல்லிட்டாவெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன். நீங்க சிரிச்சதால."

அந்தத் தண்ணி உங்கள் தண்ணி! பூட்டை உங்கள் கையால் திறந்தீர்கள். பொய்யை உங்கள் வாயால் கட்டிக் கொடுத்தீர்கள். பிறகு என் அறைக்குள் வந்து உட்கார்ந்து, அந்தப் பொய்க்காக நான் என் பிள்ளையைச் சபித்ததைக் கேட்டு உச்சுக் கொட்டினீர்கள். முதலில் பயத்தில் மறைத்திருப்பீர்கள், அது எனக்கு விளங்குகிறது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களுக்கு என்ன? என்னிடம் சொல்லியிருந்தால் நான் ஆறுதலுக்கு ஜெஸீமாவிடம் போயிருப்பேன், உங்களிடம் வந்திருக்க மாட்டேன். அதுதானா?

ஜெஸீமாவை உள்ளே கூட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் பாணும் சம்பலும் தின்றோம். இப்போது அஸருக்குப் பிறகு போன் வருகிறது. அவள் புருஷனைப் பற்றி நான் கேட்பதில்லை, அவன் கணக்கு அவனோடு. ஷிப்னா அந்த வரியை எடுத்துவிட்டு வேறு ஏதோ உதாரணம் போட்டிருக்கிறாள். என்னவென்று நான் கேட்கவில்லை. சாய்கோடும் என் பெயரும் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், அதை நான் உழைத்துச் சம்பாதித்தேன்.

உங்கள் மையத்தைத் தூக்குமுன் உங்கள் புருஷன், என் நானா, வாசலில் நின்று, இவ ஆருக்காவது பிழை செஞ்சிருந்தா மாப்புச் செய்ங்க என்று கேட்டார். பெண்கள் பக்கத்தில் முதலில் வாய் திறந்தவள் நான். எனக்கு ஒரு பிழையும் செய்யல்ல, எல்லாம் மாப்பு என்று சத்தமாகச் சொன்னேன். என்ன பிழை என்று தெரியாமல் கொடுத்த மாப்பு அது. அல்லாஹ் அதை எப்படி எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. சுபஹுத் தொழுதுவிட்டு எங்கள் மௌத்தானவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லித் துஆக் கேட்கிறேன். என் உம்மா, என் வாப்பா, அவர், பிறந்த வீட்டில் போன எல்லாரும். உங்கள் கை என் முதுகில் இன்னும் இருக்கிறது, சூடாகத்தான் இருக்கிறது, அதைத் தட்டிவிட என்னால் முடியவில்லை. ஆனால் மாப்புக் கேட்க வேண்டிய இடம் வந்ததும் நாக்கு உங்கள் பெயரில் நிற்கிறது, அதைத் தாண்டிப் போக மாட்டேன் என்கிறது.

சித்தி ஸுபைதா.