எலுமிச்சை ஒட்டும் என் மகளும்

ஜூலை 7, திங்கள்

இன்று காலை நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோது மகள் வந்து, அடுத்த மாத நடுவில் கடையை விட்டுப் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். வேறு ஊரில், கட்டடங்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனி. மேலாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"சம்பளம் அதிகமா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பேன், வியாபாரிதானே.

"கம்மிதாம்பா" என்றாள்.

அதுதான் சுருக்கென்றது. கம்மிக்குப் போகிறாள் என்றால் காசுக்காகப் போகவில்லை.

படிப்பு முடித்த நாளிலிருந்து இந்த நாற்றுப் பண்ணையில் என்னோடு நிற்கிறாள். போன வாரம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நிழல் மரக்கன்றுகள் பேசி முடித்திருந்தாள். விலை, நாள், வண்டி எல்லாம். நான் சாயங்காலம் அந்தத் தலைமை ஆசிரியருக்குப் போன் போட்டு மறுபடி பேசினேன். கொஞ்சம் கூடக் கிடைத்தது. கிடைத்ததா இல்லையா? கிடைத்தது. அதை அவளிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தேன். அன்று அவள் வாயே திறக்கவில்லை. இன்று திறந்தாள்.

ஜூலை 8, செவ்வாய்

அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. வியாபாரம் நன்றாக நடந்தது.

ஜூலை 11, வெள்ளி

மதியம் நல்ல மழை. புதுப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட வேண்டிய வேலை மிச்சம். வாசலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். அப்புறம்தான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண் போனது. எதிர்ப் பண்ணைக்காரரும் வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடம் என் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டு போன மனிதர். அவர் பாத்திக்கும் அதே மழை. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை.

கர்த்தருக்கு வியாபாரம் தெரியாது. தெரிந்திருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும், அதுவும் யோசிக்க வேண்டியதுதான். நான் யாருடைய வாடிக்கையையும் இழுக்காதவனா?

கையைத் தூக்கிக் காட்டினேன். அவரும் காட்டினார். அவ்வளவுதான். அதற்கு மேல் இன்று என்னால் ஆகாது.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனையில் விதைக்கிறவனைப் பற்றிப் பிரசங்கம். வழியோரம், பாறை, முள், நல்ல நிலம் என்று எல்லா இடத்திலும் விதையை வீசுகிற ஆள். சிறு வயதிலிருந்து கேட்கிற கதை. வாசலில் போதகரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. அந்த ஆள் என் பண்ணையில இருந்தா மதியத்துக்குள்ள கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பேன். பாறையில போய் விதையைப் போடுவானா ஒருத்தன்?"

போதகர் சிரித்துவிட்டார். "அதனாலதான் ஆண்டவர் உங்களை விதைக்க அனுப்பல. விக்க அனுப்பியிருக்கார்."

பக்கத்தில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறேன், அதுவும் என்னைப் பார்த்து.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. அந்த விதைக்கிறவர் கஞ்சத்தனம் பார்க்கவில்லை, சரி. இன்னொன்றும் உண்டு. வீசிவிட்டு நகர்ந்துவிடுகிறார். திரும்பி வந்து மண்ணைக் கிளறி, முளைத்ததா முளைத்ததா என்று பார்த்ததாக ஒரு வார்த்தை இல்லை. என்னால் முடியுமா? விதைத்தட்டில் ஈர மண்ணை விரலால் ஒதுக்கிப் பார்க்கிற ஆள் நான். பார்த்தே எத்தனை முளையைக் கெடுத்திருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

பண்ணைக்குப் பின்னால் இருக்கிற கீழ்த்தோட்டத்தில் எலுமிச்சை ஒட்டுகள் தயார். ஒரு பெரிய பழத்தோட்டக்காரர் மொத்தமாகக் கேட்டிருக்கிறார். லாரி இந்த வாரம் வர வேண்டியது, வரவில்லை. நிலம் உழுது முடியவில்லையாம், பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்கிறார்.

நாங்கள் ஒட்டுக் கட்டுவது இப்படி: முரட்டு வேர்ச்செடியின் தலையை வெட்டி, பிளந்து, நல்ல மரத்துக் குச்சியைச் சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவோம். இரண்டு பக்கமும் காயம். காயமும் காயமும் சேர்ந்தால்தான் ஒரே செடி. நாடா இல்லாவிட்டால் காற்று புகுந்து குச்சி காய்ந்துவிடும். எங்கள் ஒட்டுக்காரர் கட்டினால் நூற்றுக்கு ஒன்று தவறாது. வாய் ஓயாமல் பேசுவார் என்பதால் எல்லாரும் அவரை ரேடியோ என்பார்கள்.

இன்று மகள் வந்து, "அப்பா, ஒட்டு நல்லாப் பிடிச்சிடுச்சு. நாடாவை அவிழ்த்துடலாம்" என்றாள்.

"லாரி ஏறட்டும். வழியில ஆட்டத்துல ஒட்டு விலகினா யார் பதில் சொல்றது?"

"லாரி எப்ப வரும்னே தெரியலையே."

"அதான் சொல்றேன். கட்டு இருக்கிற வரைக்கும் பயமில்ல."

அவள் ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ வானத்தைப் பார்த்தார். அவர் பேசாமல் இருந்து இன்றுதான் பார்க்கிறேன். முதலாளி நான் என்பதால் நாடா இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

இரவு குடும்ப ஜெபத்தில் வாய்விட்டு ஜெபித்தேன். ஆண்டவரே, மகளின் மனதை மாற்றும், இந்த மாத முடிவுக்குள் அந்தக் கம்பெனிக்காரர்களின் மனதையும் மாற்றும், அவளை இந்தக் கடையிலேயே நிலைநிறுத்தும் என்று. மகள் ஆமென் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டாள்.

மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டே, "ஏங்க, இது ஜெபமா ஆர்டரா?" என்றாள்.

"என்ன ஆர்டர்?"

"என்ன சரக்கு, எந்த இடம், எந்தத் தேதின்னு எல்லாம் சொல்லிட்டீங்க. வண்டி நம்பர் ஒண்ணுதான் பாக்கி."

வேதத்தை எடுத்து அலமாரியில் வைத்தேன்.

ஜூலை 26, சனி

தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சிமெண்ட் வெடிப்பில் ஒரு தக்காளிச் செடி. யாரும் நடவில்லை, உரம் போடவில்லை. காய்த்திருக்கிறது. எரிச்சலாக இருந்தது, ஏனென்று தெரியவில்லை. பிடுங்கப் போய்ப் பிடுங்காமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

நேற்று இரவு காற்று. பெரிய காற்றென்று சொல்ல முடியாது, நிழல்வலை ஒரு பக்கம் கிழிந்தது, அவ்வளவே. காலையில் கீழ்த்தோட்டத்துக்குப் போனால் எலுமிச்சை ஒட்டுகளில் பாதிக்கு மேல் தலை ஒடிந்து கிடக்கிறது. எல்லாம் ஒரே இடத்தில். நாடா கட்டிய இடத்தில்.

ஒன்றை எடுத்து நாடாவை அறுத்துப் பார்த்தேன். தண்டு பருத்துக்கொண்டே போயிருக்கிறது, நாடா இடம் கொடுக்கவில்லை. உள்ளே சதைக்குள் பதிந்து, கயிறு கட்டிய விரல் மாதிரி அங்கே மட்டும் ஒடுங்கி, அதற்கு மேலே வீங்கி... அந்த ஒடுங்கின இடத்தில்தான் முறிந்திருக்கிறது.

ஒட்டு விலகவில்லை. ஒட்டு அருமையாகப் பிடித்திருந்தது. கட்டு அறுத்துவிட்டது.

என் கட்டு.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள். நான் அன்னைக்கே சொன்னேனே என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லித் தொலைத்திருக்கலாம். "மிச்சத்தையாவது அவிழ்ப்போம்பா" என்று கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் ஒரு வரிசை, நான் ஒரு வரிசை, ரேடியோ ஒரு வரிசை. சாயங்காலம் வரை. ரேடியோ மட்டும் செடிகளோடு பேசிக்கொண்டிருந்தார். "மூச்சு விடு தாயி, மூச்சு விடு. முதலாளி உத்தரவு வந்தாச்சு."

நாடாவை அறுத்த இடத்தில் செடி வெளுத்திருக்கும். தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அடுத்த செடிக்குப் போகும் முன் மகள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: "தொடாதீங்கப்பா. வெயில் பட்டா தானா இறுகிடும்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை.

மரத்தைக் காட்டி மனிதனுக்குப் பாடம் சொல்வது போதகர்களின் வேலை, அதை நான் கேலி செய்வதுண்டு. இப்போது யாரைக் கேலி செய்வது? கட்டினது தப்பா? தப்பில்லை. கட்டாவிட்டால் அது செடியே ஆகியிருக்காது. அவளை நான் கையைப் பிடித்துக் கடையில் நிறுத்தியிராவிட்டால் வியாபாரம் எங்கே கற்றிருப்பாள்? அப்படியானால் எந்த நாள் வரை நல்லது, எந்த நாளிலிருந்து கெடுதல்? அதை யார் சொல்வது? செடியே சொல்கிறது போல. நான்தான் செடியைப் பார்க்கவில்லை. லாரியைப் பார்த்தேன்.

மதியம் வேதத்தை எடுத்து, சொத்தில் பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன இளைய மகனின் கதையைத் தேடிப் படித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். மகன் கேட்டதும் அந்தத் தகப்பன் என்ன பேரம் பேசினார்? அடுத்த வருடம் பார்க்கலாம் என்றாரா? உன் அண்ணனோடு கலந்து பேசுகிறேன் என்றாரா? இரண்டு தடவை படித்தேன். இல்லை. ஒரு வார்த்தை இல்லை. பிரித்துக் கொடுத்துவிட்டார்.

அந்தப் பையனாவது ஊதாரி, தகப்பன் மறுத்திருந்தால் நியாயம் இருந்திருக்கும். என் மகள் ஊதாரி இல்லை. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஆண்டவரே, நீர் எப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர், நாங்கள் போகிற போக்கை எல்லாம்? கை வலிக்கவில்லையா, பிடிக்காமல் இருக்க?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சொதப்பிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று கிளம்பி, அவளைக் கூப்பிட்டு, சம்பளம் ஏற்றுகிறேன், கடைப் பலகையில் உன் பெயரையும் எழுதுகிறேன் என்றேன்.

"பலகையில எழுதி? கீழ உங்க போன் நம்பர் இருக்கும், அதானே?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மனைவி அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "பழைய நாடாவை அறுத்துட்டு, கலர் நாடா கட்டப் பார்க்கிறீங்க" என்றாள்.

இந்த வீட்டில் எல்லாருக்கும் பிரசங்கம் வருகிறது, என்னைத் தவிர.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லிவிட்டேன்.

கடை மூடும் நேரம். அவள் தொட்டிகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாயில் வந்ததெல்லாம் விலை பேசுகிற வார்த்தைகளாகவே வந்தது, ஒவ்வொன்றையும் விழுங்கினேன். கடைசியில், "நீ போயிட்டு வாம்மா. நல்ல கம்பெனின்னு விசாரிச்சேன்" என்றேன்.

"விசாரிச்சீங்களா? யார்கிட்ட?"

"எதிர்ப் பண்ணைக்காரர்கிட்ட."

அவள் தொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அவர்கிட்ட நீங்க பேசினீங்களா!"

"ரோட்டைத் தாண்டிப் போய்க் கேட்டேன். நல்லவங்கதான், சரக்குக்குக் காசு ஒழுங்கா கொடுக்கிறவங்கன்னார். உன் சாமானை நம்ம வண்டியிலயே கொண்டுபோய் இறக்கிடறேன். இறக்கிட்டு உடனே திரும்பிடுவேன். அங்க நின்னு யார்கிட்டயும் எதுவும் பேச மாட்டேன்."

பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் குழாயை மூடினேன். குழாய் மூடித்தான் இருந்தது.

இதற்குக் கைமாறாக ஒன்றும் கேட்கவில்லை. ஆண்டவரிடமும் கேட்கவில்லை. என் வியாபார வாழ்க்கையில் பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் கொடுத்தது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நஷ்டம் போலத்தான் இருக்கிறது. பொய் எழுதுவானேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வண்டிக்கு டயர் மாற்றினேன். தூரம் அதிகம்.

ஆகஸ்ட் 9, சனி

காலையில் மகள் கல்லாவுக்கு எதிரே, வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"கம்பெனிக்கு இன்னும் சரின்னு சொல்லலப்பா. நாளைக்குள்ள சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேட்கலாம்னு வந்தேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

"சொல்லு."

"கீழ்த்தோட்டத்தை எனக்கு வாடகைக்குக் கொடுங்க, நான் அங்க போகல."

"வாடகைக்கா? சும்மாவே எடுத்துக்கயேன்!"

"சும்மா வாங்கினா மறுநாள் காலையில நீங்க வந்து நிப்பீங்க."

உண்மைதான். நிற்பேன்.

பேசினோம். முப்பது வருடத்தில் இவ்வளவு கறாரான ஆளோடு நான் பேசியதில்லை. அவள் பேசி முடித்த ஆளுக்கு நான் போன் போடக் கூடாது என்றாள், சரி என்றேன். என்ன வளர்ப்பது, யாருக்கு விற்பது எல்லாம் அவள்தான் என்றாள், சரி என்றேன். ரேடியோ அண்ணன் எனக்கு வேண்டும் என்றாள்.

"அது நடக்காது. ஒட்டுக்கு எனக்கு வேற யார் இருக்கா?"

"அப்ப பிரிச்சுக்குவோம்."

கன்றுகளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கலையே! எனக்கு ரெண்டு பக்கமும் டீ வேணும், சொல்லிட்டேன்."

"நஷ்டம் வந்தா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வரும்பா. வந்தா என் நஷ்டம். நீங்க உள்ள புகுந்து காசு போட்டு அடைக்கக் கூடாது."

அந்த இடத்தில் மறுப்பு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆண்டவரே என்று மனதுக்குள் ஒரே ஒரு வார்த்தை, அதற்கு மேல் எந்த ஆர்டரும் போடவில்லை. பிறகு தலையாட்டினேன்.

"எனக்குக் கன்று வேணும்னா? அப்பாவுக்குக் கழிவு உண்டா?"

"எதிர்ப் பண்ணைக்காரருக்கு என்ன விலையோ அதேதான் உங்களுக்கும்."

முடிந்த பேச்சு: கீழ்த்தோட்டம் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து அவளுடையது, வாடகை ஊர் வாடகை. ரேடியோ வாரத்தில் மூன்று நாள் அங்கே, மூன்று நாள் இங்கே. லாபமும் அவளுக்கு, நஷ்டமும் அவளுக்கு. கூப்பிட்டால் மட்டும் நான் வேலிக்குள் போகலாம். கன்று வெளியாள் விலை, ஒரு பைசா கழிவு இல்லை.