அப்பா, உங்கள் கழுத்தின் மேல் ஒரு சந்தேகம்

நான் வம்பு செய்தால் முதலில் சிரித்துவிட்டு அப்புறம் திட்டுகிற என் அப்பாவுக்கு,

இறந்தவர்களைத் திட்டக்கூடாது என்கிறார்கள். திட்டவில்லை. சந்தேகம் கேட்கலாமில்லையா?

சுதந்திர தின அணிவகுப்புக்கு என்னையும் எடுத்திருந்தார்கள். பயிற்சியில் டிரில் சார் "வலது பார்" என்றதும் எல்லாருக்கும் தலை திரும்பியது. எனக்கு உடம்பே திரும்பிப் பக்கத்துப் பெண்ணை இடித்தது.

"உன் கோமாளித்தனத்த இங்கயும் காட்டறியா? வெளியில போய் நில்லு."

முன்பு அவர் விசிலில் மிளகாய்ப்பொடி தடவியவள், வேண்டுமென்றே செய்யவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்குத் தலைக்கனம் என்றது வகுப்பு. கோளாறு தலைக்குக் கீழே என்று எனக்கே அப்போது தெரியாது.

அம்மா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கழுத்துல ரெண்டு எலும்பு பிரியாம ஒட்டியிருக்கு. பிறவியிலேயே வர்றது. பயப்பட வேண்டாம், தலைகீழா குதிக்காம இருந்தா சரி. வீட்டுல வேற யாருக்காவது இருக்கா?"

"யாருக்கும் இல்லீங்க." அம்மா ரொம்ப வேகமாகச் சொன்னாள். அங்கேதான் சந்தேகம் முளைத்தது.

உங்களுக்கும் கழுத்து திரும்பாதே? மண் வெட்டும் இயந்திரத்தில் ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்ததால் என்றீர்கள். நம் சுரங்கக் குவார்ட்டர்ஸில் எந்த வலிக்கும் மைன்ஸ்தான் காரணம், நாங்களும் நம்பினோம். ஆனால் போன வாரம் உங்கள் தெவசத்துக்குச் சேத்தியாத்தோப்பிலிருந்து உங்கள் கூடப்பிறந்த பெரியப்பா வந்திருந்தார். மைன்ஸ் பக்கமே போகாத மனுஷர். பின்னாலிருந்து கூப்பிட்டேன், உடம்போடு திரும்பினார்.

"கழுத்துக்கு என்ன பெரியப்பா?"

"நெல்லு மூட்ட தூக்கிக்கினே இருந்தா இப்படித்தாம்மா ஆவும்."

சரி, நான் எதைத் தூக்கினேன்?

இன்னொன்று. கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்புவது திமிர், முழுசாகத் திரும்புவதே மரியாதை என்று வீட்டில் சட்டம் போட்டிருந்தீர்கள். அம்மாகூட அப்படித்தான் திரும்புவாள். அது மரியாதையா? இல்லை, எல்லாரும் ஒரே மாதிரி திரும்பினால் என் கழுத்து யார் கண்ணிலும் படாது என்ற யோசனையா?

அம்மாவை மடக்கினேன்.

"கைக்குழந்தையா இருக்கறப்பவே உன் கழுத்தத் தடவித் தடவிப் பாத்தாரு. ஒண்ணும் சொல்லல. நீயும் வெளியில சொல்லிக்காதடி, நாளைக்கு அந்தக் கழுத்துலதான் தாலி ஏறணும்."

"தாலி கட்டறப்ப குனிஞ்சுதானேம்மா இருக்கணும்? யாரு திரும்பிப் பாக்கச் சொல்லப் போறாங்க?"

கை ஓங்கியவள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள்.

எனக்காக மறைத்தீர்கள், புரிகிறது. உங்களுக்காகவும் கொஞ்சம் மறைத்தீர்களோ? வேலைக்குச் சேரும்போது யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்தீர்களோ? இனி யாரைக் கேட்பது?

நாளைக் காலை, அம்மாவுக்குத் தெரிந்தே, டிரில் சாரிடம் போகிறேன். வரிசையில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் மூட்டை, மைன்ஸ் என்று கதை விடமாட்டேன். பிறவியிலேயே இப்படி, எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் என்று சொல்வேன். இது சத்தியம்.

உங்கள் ஜாடையை எலும்பில் வைத்திருக்கும்
மகள் வாசுகி