உலர்பனிக்கு வெளியே ஒரு குப்பி

பிப்ரவரி 9
அணு உலையிலிருந்து குப்பிகள் வந்தன. உள்ளே மஞ்சள் குரோமேட் உப்பு. நியூட்ரான் அடி வாங்கியதில் குரோமியம் அணுக்கள் சில இருந்த இடத்தை விட்டுத் தெறித்திருக்கும். சூடாக்கினால் பல திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். எந்தச் சூட்டில் எத்தனை என்று பார்ப்பதுதான் என் வேலை. ஒப்பிடுவதற்கான குப்பியைச் சூடாக்கக் கூடாது. உலர்பனிப் பெட்டியின் உறைகுளிரிலேயே கிடக்க வேண்டும். அதில் ஒரு சிட்டிகையை இன்றே அளந்துவிட்டேன்.

மதியம் தனியாகச் சாப்பிட்டேன். நான் உட்கார்ந்தால் கணக்குப் பிரிவுக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போகிறார்கள். பழகிவிட்டது. பொய் — பழகவில்லை.

பிப்ரவரி 11
தங்கைக்கு இன்றோ நாளையோ பிரசவம். போன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பிப்ரவரி 12
போனில் தங்கை. "பொண்ணு பொறந்திருக்கா, அக்கா! மூக்கு அப்படியே உன்னோடது."
ஆய்வகத்திலேயே குதித்தேன். அப்புறம் அவள் குரல் இறங்கியது. "கொஞ்ச நாளைக்கு வராதேக்கா. உன் வேலை… கதிர்வீச்சுன்னு அத்தை பயப்படறாங்க."
"நீ என்ன சொன்னே?"
"பாப்பா அழறா, வெச்சிடறேன்க்கா."
மாமியார் பயந்தால் பயப்படட்டும். நீ வாயைத் திறக்க வேண்டாமா? நான் என்ன பெரியம்மாவா, பேயா? பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 13
போச்சு. எடை போட எடுத்த ஒப்பீட்டுக் குப்பியை நேற்று மேசையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.
ஆய்வகத் தலைவர் காய்ச்சி எடுத்துவிட்டார். "உலையில மறுபடி இடம் கிடைக்கிறது குதிரைக்கொம்பு, தெரியும்ல?" கடைசியில் அவரே, "தூக்கிப் போட்றாதீங்க. அளந்தாவது பாருங்க" என்றார்.

பிப்ரவரி 16
அளந்தேன். வந்த அன்று இருந்ததைவிட நிறைய அணுக்கள் திரும்பியிருக்கின்றன! அடுப்பில்லை, ஒன்றுமில்லை. அறைச் சூட்டிலேயே. தலைவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.
சொல்லிச் சந்தோஷப்பட ஆளில்லை. தங்கையின் எண்ணைத் தேடி எடுத்தேன். அழைக்கவில்லை.

பிப்ரவரி 27
அவளும் அழைக்கவில்லை.

மார்ச் 22
காலையில் அழைப்புமணி. தங்கை. தோளில் துணிச்சுருள்.
"அத்தைகிட்ட கடைக்குன்னு சொல்லிட்டு வந்தேன். வழியை விடு."
ஓடிப்போய் முழங்கை வரை கை கழுவினேன். மாதாமாதம் எங்களைச் சோதிக்கிறார்கள், என்மேல் ஒன்றும் ஒட்டாது என்று ஆரம்பித்தேன்.
"நான் கேட்டேனா? முதல்ல இவளைப் பிடி."
பிடித்தேன். மூக்கு என்னுடையதே இல்லை. குழந்தை அழவில்லை, நான்தான் அழுதேன்.
"அன்னிக்கு நான் பேசியிருக்கணும்க்கா."
"ஆமா. பேசியிருக்கணும்."
கிளம்பும்போது, செருப்பை மாட்டியபடி சொன்னாள்: "ஐயோ, கடையில ஒண்ணுமே வாங்கலையே. நாளைக்கும் போகணும்."