அம்மாவின் மேட்டில் பூம்புல்

2023 மார்ச் 23

அப்பா வீட்டு முற்றத்தில், சோயா சாடிகள் நிற்கும் மேடைக்குக் கீழே அம்மா வளர்த்த பூம்புல்லை இன்று பிரித்தேன். நாள் முழுக்க வெயில் விழும் இடம். பேர்தான் புல், உண்மையில் வசந்தத்தில் பூக்கும் செடி; தரையோடு பாய் மாதிரிப் பின்னிக் கிடக்கிறது. நடுவில் மட்டும் தண்டு கட்டையாகி வழுக்கை விழுந்துவிட்டது. வேர் பிடித்த ஓரங்களைப் பிய்த்துத் தட்டுகளில் அடுக்கினேன். அம்மாவின் சமாதி மேட்டில் நடுவதற்கு.

ஆஸ்பத்திரியில் அவள் கேட்டது இது ஒன்றுதான். "என்மேல புல்லு போடாதீங்க. புல்லு போட்டா வருஷாவருஷம் வெட்ட ஆம்பளைங்க வருவாங்க. அவங்களுக்கு எவளாவது பொங்கிப் போடணும். பூம்புல்லுன்னா கையால களை பிடுங்கினா போதும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கல்யாணமான வருடத்திலிருந்து, சுசோக் அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் சமாதிகளில் புல் வெட்ட வரும் இந்தக் குடும்பத்து ஆண்களுக்குச் சமைத்துக் கொட்டியவள்.

ஏப்ரல் 6

சமாதிகளைச் சீர்செய்யும் நாள். பெரியப்பா வண்டி நிறையப் புல்பத்தைகளோடு வந்தார். என் தட்டுகளைப் பார்த்தார்.

"என்னம்மா இது, காபிக்கடை வாசலா?"

"அம்மா கேட்டாங்க, பெரியப்பா."

"சாகப்போறவங்க ஆயிரம் கேப்பாங்க. புல்லு இல்லாத மேட்டைப் பாத்தா, பிள்ளையில்லாத சமாதின்னு ஊர்ல நினைப்பாங்க."

பிள்ளை என்றால் ஆண்பிள்ளை. நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். அப்பா தன் காலணி நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில், "வெயில் பக்கத்தை நீ வச்சுக்கோ, பின்பக்கம் புல்லு. பட்டுப்போனா அங்கேயும் புல்லுதான்" என்றார் பெரியப்பா.

ஏப்ரல் 29

பட்டுப்போகவில்லை. பூத்திருக்கிறது.

ஜூன் 11

பூ முடிந்தது. மேலாகக் கத்தரித்துவிட்டு, மணல் கலந்த மண்ணைச் சலித்துத் தண்டுகளுக்கு இடையே தூவினேன். மண்ணில் புதைந்த இடத்திலெல்லாம் வேர்விடும். பின்பக்கத்துப் புல் உள்ளே நுழைகிறது. விரலால்தான் எடுக்க வேண்டும். படிக்கலாம் என்று புத்தகம் கொண்டுபோகிறேன். பிரிப்பதே இல்லை.

செப்டம்பர் 16

வெட்டிவிட்டார்கள்.

காலையிலிருந்து பெரியம்மாவோடு அடுப்படியில் இருந்தேன். சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு சமாதிக் குன்றில் ஏறும்போது புல்வெட்டும் மெஷின் சத்தம் நின்றிருந்தது. அம்மாவின் மேடு மொட்டையாக, மண் தெரிய. பெரியப்பா மகன் கிச்சோல் அண்ணன் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றினான்.

"களைன்னு நினைச்சேன், ஹேரிம். பூச்செடின்னா பூ இருக்கணும்ல?"

"செப்டம்பர்ல பூக்காதுண்ணா."

"அது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு போர்டு வச்சிருக்கலாம்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா அரிசிக் கள்ளான மக்கொல்லியை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன் — ஏன் ஊற்றினேன்? அப்பாவும் கிண்ணத்தை நீட்டினார்.

அக்டோபர் 8

தரையை ஒட்டிப் பச்சை முளைகள். நம்பிக்கை என்றெல்லாம் எழுத மாட்டேன். வேர் சாகவில்லை, அவ்வளவுதான்.

2024 ஆகஸ்ட் 18

பெரியம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன். பெரியப்பா போன் செய்தார். "இந்த வருஷம் புல்லு வெட்டுறப்ப சமையல் யாருன்னே தெரியல" என்றார். காத்திருந்தார்.

மேடு முழுக்க இப்போது பூம்புல் மூடிவிட்டது. பின்பக்கத்துப் புல்லைக்கூடத் தள்ளிக்கொண்டு போகிறது.

"நான் சமைக்கிறேன். ஆனா மெஷின் அம்மா பக்கம் வரக் கூடாது."

"பெரியவங்ககிட்ட என்னம்மா பேரம்?" பிறகு, "சரி. வருஷாவருஷம்தானே?" என்றார்.

ஆமாம் என்றேன். எவளாவது பொங்கிப் போடணும் என்றாளே அம்மா.

செப்டம்பர் 7

மாட்டிறைச்சி சூப், வறுத்த பூசணி, மூன்று வகைக் கிம்ச்சி. இந்த முறை கீழே இறங்கி வந்தே சாப்பிட்டார்கள். கிச்சோல் அண்ணன் இரண்டாவது கிண்ணம் கேட்டான். "சித்தி கைமணம் அப்படியே இருக்கு" என்றான். அப்பா தலையாட்டினார்.

பூம்புல்லை யாரும் தொடவில்லையாம். பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. நான் மேலே போய்ப் பார்க்கவில்லை.