ஆணியில் தொங்கிய சாவி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

"அக்கா, நான் பூட்டு போட்டேனா?"

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். வலிக்கிறது என்று சொல்லவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டதைக்கூட நீ அப்போது பார்த்திருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத கேள்வி வந்தால், "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சமாளித்துவிடுவேன். உன் போர்வையை மட்டும் சரிசெய்தேன்.

நான் என் வீட்டுக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னோடேயே இருக்கிறது. போனில் கேட்டால் இரண்டு பேரும் அழுவோம், கேள்வி அப்படியே நிற்கும். அதனால்தான் எழுதுகிறேன். அது என்ன பூட்டு? ஆலையில் என்னதான் வழக்கம்? பாடம் புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல் எனக்குச் சொல்.

கட்டு மாற்றும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வீரம் காட்டாதே. நன்றாகக் கத்து.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரி எழுதுகிறாள்.

எங்கள் மாவு பிசையும் மெஷினில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தொட்டி உண்டு. உள்ளே திருகுபோல ஓர் இரும்புக் கை. வேலை முடிந்ததும் ஒட்டிக் காய்ந்த மாவைச் சுரண்டிக் கழுவுவது என் பொறுப்பு. கையை விடுவதற்கு முன்னால் சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் பூட்டு போட வேண்டும். சாவி கழுவுகிறவன் சட்டைப்பையில் இருக்க வேண்டும். அவன் வந்து திறக்கும்வரை யாரும் மெஷினை ஓட்ட முடியாது. போர்டில் எழுதியிருக்கும் சட்டம் இது.

நடப்பு வேறு. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பூட்டு. எவனாவது சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டால் அடுத்த ஷிஃப்ட் நின்றுவிடுமாம். அதனால் பூட்டியதும் சாவியை ஃபோர்மன் அறை வாசலில் உள்ள ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஆளுக்கொரு பூட்டு கேட்டோம். "உங்ககிட்ட சாவி கொடுத்தா மாமியார் வீட்ல மறந்து வெச்சிட்டு வருவீங்க" என்றார் மேனேஜர். நாங்களும் சேர்ந்துதான் சிரித்தோம்.

அன்றைக்குச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடியது. அப்புறம் பார்த்தால் பூட்டும் சாவியும் சேர்ந்தே ஆணியில் தொங்கினவாம். நான் பூட்டு போட மறந்துவிட்டேன் என்கிறார் மேனேஜர். மாதக் கடைசியில் தொழிற்சாலை ஆய்வாளர் விசாரிக்க வருகிறார், அவரிடம் நானும் அப்படியே சொல்ல வேண்டுமாம். மறந்திருப்பேனோ என்னவோ. போகிற இடமெல்லாம் குடையை விட்டுவிட்டு வருகிறவன்தானே நான்.

என்னோடு வேலை செய்யும் நெட்டையன் தினமும் வந்து சோறு ஊட்டிவிடுகிறான். "வாயைத் தொறங்க மகாராஜா" என்கிறான். மற்றவர்கள் "எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு" என்று கேட்டே கொல்கிறார்கள். அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தங்கமான மனுஷன்.

உன் தம்பி

(அண்ணி, மேனேஜரைப் பற்றி இவர் சொன்னதில் பாதி வசவு. அதையெல்லாம் நான் எழுதவில்லை. காகிதம் பாவம்.)

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு நாள் வகுப்பில் ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தது. உள்ளே நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும், "யார் டீச்சர் உடைச்சது?" என்று என்னையே கேட்டார்கள். ஒருத்தி மட்டும் கேட்கவில்லை. விளக்குமாற்றை எடுத்து வந்து சில்லுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நல்ல பெண். உடைத்தது அவள்தான் என்று தெரிந்த பிறகும் அவளை நான் கெட்டவள் என்று நினைத்ததில்லை.

தெரியாததைத்தான் நாம் கேட்போம், தம்பி. நெட்டையன் ஏன் கேட்கவில்லை?

இதை எழுதத் தயங்கினேன். என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். நீயே அவனிடம் பக்குவமாகக் கேட்டுப் பார்.

உன் அக்கா

மார்ச் 22

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவள் வாய்விட்டுப் படித்தபோது நெட்டையன் எனக்கு ஊட்டிக்கொண்டிருந்தான். நிறுத்து என்று நான் சொல்வதற்குள் அவன் பெயர்வரை வந்துவிட்டாள்.

அவன் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான். "டீச்சரக்கா கெட்டிக்காரங்கடா" என்றான். "நீ மறக்கல. பூட்டு இருந்துச்சு. நான்தான் தொறந்தேன்" என்றான்.

மாவு எங்கே என்று அடுத்த ஷிஃப்ட்காரர்கள் கத்தியிருக்கிறார்கள். தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்ததால், நான் கழுவி முடித்துப் போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறான். நான் குழாயை மூடிவிட்டு, குனிந்து சுரண்டிக்கொண்டிருந்தேன். சாவி ஆணியில் இருந்தது. பூட்டைத் திறந்து, வழக்கம்போல ஆணியில் மாட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டிருக்கிறான்.

"எட்டிப் பாத்திருக்கலாமேடா."

"பாத்திருக்கலாம்."

"உன் உயரத்துக்கு எட்டக்கூட வேணாமேடா."

அவன் அழுதான். எனக்கு ஏனோ சிரிப்பு வந்தது. இவள் அவன் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. "போங்க" என்றாள்.

நான் பூட்டு போட்டிருக்கிறேன், அக்கா. அன்றைக்குத்தான் தூங்கினேன்.

ஆனால் இதைச் சொன்னால் அவன் வேலை போய்விடும். மூன்று பிள்ளைகள் அவனுக்கு. சொல்லாவிட்டால் என் கையை நானே தொலைத்தவன் ஆவேன், ஆணியும் அங்கேயே இருக்கும். உதாரணம் வேண்டாம். என்ன சொல்லட்டும் என்று மட்டும் எழுது.

தம்பி

மார்ச் 25

அன்புள்ள தம்பிக்கு,

உதாரணம் இல்லை.

யார் திறந்தது என்று கேட்பார்கள். உண்மையைச் சொல். ஆனால் அதோடு நிறுத்திவிடாதே. உள்ளே ஓர் ஆள் இருக்கும்போது இன்னொருவனால் எப்படித் திறக்க முடிந்தது என்பதை அவர்கள் கேட்காமல் போகலாம். கேட்காவிட்டாலும் சொல். அதே ஆணியிலிருந்து நீயும் எத்தனையோ தடவை சாவியை எடுத்திருப்பாய். நீ எடுத்தபோதெல்லாம் உள்ளே யாரும் இல்லாமல் போனார்கள், அவ்வளவுதான்.

உன் அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இது என் இடது கை எழுத்து. டீச்சர் மார்க்கைக் குறைக்கக் கூடாது.

விசாரணையில் நான் வாயைத் திறக்கும் முன்பே நெட்டையன் எழுந்து நின்று, "நான்தான் சார் தொறந்தேன்" என்றான். மேனேஜர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா சார், ஆளுங்க செய்ற தப்பு" என்றார்.

நான் ஆணியைப் பற்றிச் சொன்னேன். ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்றார், எல்லாரும் போனோம். சாவி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மெஷினுக்குள் தோள்வரை கையை விட்டு ஒருவன் சுரண்டிக்கொண்டிருந்தான்.

நெட்டையன்தான் ஓடினான். சாவியைப் பிடுங்கிக் கொண்டுபோய் அந்த ஆளின் சட்டைப்பையில் திணித்தான். அவன், "என்னண்ணே?" என்று விழித்தான்.

ஆளுக்கொரு பூட்டு கொடுக்க உத்தரவாகியிருக்கிறது. ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள். நெட்டையனுக்கு வேலை இல்லை. அவன் இங்கே வருவதில்லை, நானும் கூப்பிடவில்லை. நானே சாப்பிடுகிறேன். பாதி சட்டைக்குப் போகிறது.

உன் தம்பி

ஏப்ரல் 8

அன்புள்ள தம்பிக்கு,

எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. முழு மார்க்.

நெட்டையனைக் கூப்பிடு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. என் கடிதம்தானே அவனை உன் வீட்டிலிருந்து வெளியே அனுப்பியது. கூப்பிடாதே என்றும் சொல்லமாட்டேன். கை உன்னுடையது, கதவும் உன்னுடையது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, மிக்ஸி ஜாரைக் கழற்றாமலே சட்னியை வழிக்கப் போனேன். பிளேடில் விரலை வைத்த பிறகுதான், பிளக் சுவரிலேயே இருப்பதைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் வழித்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும்.

நாளைக் காலையில் மிக்ஸியில் கையை விடுவதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கி உன் கண்ணெதிரே வை. சுவிட்சை ஒரு தடவை போட்டுப் பார். சுற்றவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு கையை விடு.

உன் அக்கா