பெய்-ஜுனின் சிவப்பு உறையை எடுத்தவன்

அன்பு மகள் பெய்-ஜுனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு நடமாட்டமாக இருக்கிறோம். நீ நலமா என்று கேட்கத்தான் வாய் வருகிறது, ஆனால் நீ இறந்து மூன்று வருஷம் ஆகிறது, அங்கே நலம் என்பதை எதை வைத்துச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. போன குளிர்காலத்தில் எரித்து அனுப்பிய காகிதக் கோட்டு கிடைத்ததா, தோள் அளவு சரியாக இருந்ததா? பெரிதாகப் போய்விட்டது என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். வீட்டில் வெந்நீர்க் கருவி பழுதாகி மாற்றியாயிற்று. அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி படியேறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால்தான் ஒரு வருஷமாக மலைக்கோயிலுக்கு நான் மட்டும் வருகிறேன். இரண்டு ஞாயிறாக அம்மா கைச் சாப்பாடு வரவில்லையே என்று நீ நினைத்திருப்பாய். அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன், எழுதி முடித்ததும் கோயிலில் காகிதம் எரிக்கும் உலையில் போட்டுவிடுவேன், உன்னைத் தவிர வேறு யாரும் இதைப் படிக்கக் கூடாது.

உன் ஆவி தங்கும் பெயர்ப்பலகையை நம் வீட்டில் வைக்கப் பெரியப்பா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும். "கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு அப்பன் வீட்டு முன்னோர் வரிசைல எடம் ஏதுடா, அவ இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியவ" என்று ஒரே பிடியாக நின்றார். அதனால்தான் நீ அந்த மலைக்கோயிலில், கல்யாணமாகாமல் செத்துப்போன முகம் தெரியாத பெண்களின் பலகைகளோடு கிடக்கிறாய். இந்த வசந்தத்தில் நீ அம்மாவின் கனவில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நின்றாயாம், உள்ளே வா என்றால் வரவில்லையாம். மறுநாளிலிருந்து "அவளுக்குன்னு ஒரு வீடு வேணுங்க, நமக்கப்புறம் யாருங்க அவளுக்குச் சோறு வைப்பா" என்று ஒரே நச்சரிப்பு. ஊரில் நாலு பேர் செய்வதைத்தான் அவளும் செய்யச் சொன்னாள். உன் சீப்பில் மிச்சமிருந்த முடி, நகம், பிறந்த நேரம் எழுதிய தாள், கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தபோது எடுத்த படம், எல்லாவற்றையும் சிவப்பு உறையில் போட்டுத் தெருவில் வைப்பது. எந்த ஆண்பிள்ளை எடுக்கிறானோ அவன் உனக்குப் புருஷன், அவன் வீட்டில் உன் பலகை இருக்கும், அவன் வம்சம் உனக்கு ஊதுவத்தி கொளுத்தும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நாற்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான், நிறுத்தத்தில் உயிரோடு நின்றவர்களைத் தவிர வேறு யாரும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல வரவில்லை.

நானும் அ-ஹோக் மாமாவும் பூங்கா வாசலில் உறையைப் போட்டுவிட்டு ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் குந்திக்கொண்டோம். தரையில் கிடக்கும் சிவப்பு உறை என்னவென்று தைப்பேயில் பிறந்த எவனுக்கும் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சுற்றிக்கொண்டு போனார்கள். தெருக் கூட்டும் அம்மாள் அதை விட்டுவிட்டுக் கூட்டினாள், அந்த இடம் மட்டும் இலையோடு கிடந்தது. போனைப் பார்த்துக்கொண்டே வந்த ஒருத்தன் கடைசி நொடியில் கண்டு துள்ளி விலகி, கும்பிடு போட்டுவிட்டு ஓடினான். மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீ இருந்தபோது இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள், இப்போது என்ன அவசரம் என்று திருப்பி அனுப்பினவன் நான். இரண்டு நாள் காலையில் ஒரு தெருவே உன்னைக் கண்டு ஒதுங்கிப் போவதை நான் உட்கார்ந்து பார்த்தேன்.

மூன்றாம் நாள் முதுகில் பெரிய மூட்டையோடு ஒரு வெளிநாட்டுக்காரன் வந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தது, சிக்னலில் பச்சை விழுந்து அணைந்து மறுபடி விழுந்த பிறகுதான் கடந்தான். உறையைப் பார்த்தான், குனிந்தான், எடுத்துவிட்டான். யாரோ தவறவிட்டது என்று நினைத்து உயரத் தூக்கி நாலு பக்கமும் காட்டினான். மாமா பாய்ந்து போய் "மாப்ள! எங்க வீட்டு மாப்ள! மாட்டுனியா!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எதிரே காலைச் சாப்பாட்டுக் கடைக்காரி "அடப் பாவிங்களா, வெள்ளக்காரனையா புடிச்சிருக்கீங்க, அவனுக்கு ஒரு எழவும் தெரியாதேய்யா" என்று கத்த, "தெரிஞ்சவன் எவன்டி எடுக்கப் போறான்" என்றார் மாமா. அந்தப் பிள்ளை திருட்டுப்பட்டம் கட்டுகிறார்கள் என்று பயந்து இரண்டு கையாலும் உறையை நீட்டினான். நான் அதை வாங்கி அவன் சட்டைப்பையிலேயே வைத்தேன். அதை வைத்த கை என் கை.

பெயர் துவார்த்தே, வயது முப்பத்தொன்று, லிஸ்பனில் பல் செட்டு செய்கிறவன். போன் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்லப் பேசிக்கொண்டோம். அன்று விடியற்காலைதான் விமானத்தில் இறங்கினானாம், விடுதியில் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்களாம். தனியாக ஏன் வந்தாய் என்றேன், கூட வர யாரும் இல்லை என்றான். மாமாவுக்கு முகமெல்லாம் பல். "வீட்டுக்குக் கூட்டிட்டு வர்ற வரைக்கும் வாயத் தொறந்துராதீங்க அத்தான்" என்று என் காதில் சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடினார். நான் ஊர் காட்டுகிறேன் என்று அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பதினொரு இடம் எழுதி வைத்திருந்தான். மூன்றுதான் பார்த்தோம், அதில் இரண்டில் தூங்கினான். சாப்பாட்டுக் கடையில் கையிலிருந்த சாப்பிடும் குச்சி சோயா பாலில் விழக் கண்ணயர்ந்தான், எழுந்து கடைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டான். கோயிலில் தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கினான். பஸ்ஸில் என் தோளில் தலை சாய்ந்தது, எழுப்ப மனமில்லாமல் இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினோம். வயதானவள் ஒருத்தி ஏறியபோது அந்தத் தூக்கத்திலும் எழுந்து இடம் கொடுத்தான். இவன் தேறுவான் என்று நினைத்தேன், பெய்-ஜுன். நம்பிக்கையில்லாத நானே அன்று காலை மாமனார் கண்ணால்தான் அவனைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பதினொரு மணிக்கு ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்தோம். அவன் போனைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ல இப்ப விடியக்காலம் நாலு மணி. என்னைத் தெரிஞ்ச எல்லாரும் தூங்கறாங்க. இங்க முழிச்சிருக்கற யாருக்கும் என்னைத் தெரியாது. நான் இருக்கேனான்னே சந்தேகமா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தான். நீ போன அன்று உன் முதல் நாள் இப்படித்தான் இருந்திருக்குமா? ஆஸ்பத்திரியில் அம்மா அழுதுகொண்டிருந்தாள், நான் ஏதேதோ தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன், நீ எந்த ஊர் என்று தெரியாத ஊரில், பகலா இரவா என்று புரியாமல், பேர் சொல்லிக் கூப்பிட ஒருத்தர் இல்லாமல் நடந்துகொண்டிருந்தாயா? இதை நான் மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அன்றைக்குப் பிறகு நினைக்காத நாள் இல்லை.

வீட்டில் அம்மா சிவப்பு விரிப்புப் போட்டுக் கறி சமைத்துக் காத்திருந்தாள். சாப்பிட வைத்துவிட்டு எல்லாவற்றையும் போனில் தட்டி அவனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தான், பிறகு உன் படத்தைப் பார்த்தான். உனக்கு என்ன வயது என்று கேட்டான், இருபத்தேழு என்றேன். "நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யறேன்" என்றான். அம்மா ஓவென்று அழுதுவிட்டாள். மூன்று ஊதுவத்தியைக் கையில் கொடுத்தாள், அவன் தள்ளாடிக்கொண்டே மூன்று தடவை உனக்குத் தலை வணங்கினான், நாற்காலியில் உட்கார்ந்ததும் தூங்கிப்போனான். மறுநாள் காலை நானும் அவனும் மலைக்குப் போய்ப் பலகையை எடுப்பது, அப்படியே அவன் தன்னோடு கொண்டுபோவது என்று முடிவாயிற்று.

விடுதிக்கு அவனைக் கொண்டுவிடும்போது பஸ்ஸில் அந்த உறையை நான் திருப்பிக் கேட்டேன். "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா" என்று பதறினான். இல்லை, நீ நல்ல பிள்ளை, ஊரைப் பார்த்துவிட்டுப் போ என்றேன். அவன் பாவம், அவன் அம்மாவுக்குத் தெரியாமல் அவன் தலையில் கட்டுவதா என்றெல்லாம் எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. அவன் உன்னை அந்த லிஸ்பனில் கொண்டு இறக்குவான், நல்லவன்தான், ஒரு வருஷம் தூசி தட்டுவான், அப்புறம் அவனுக்கென்று ஒருத்தி வருவாள். நாங்கள் தூங்கும்போது நீ முழித்திருப்பாய். அந்த ஊருக்கு என் பஸ் போகாது. இன்னொரு தடவை உன்னைத் தனியாக முதல் நாளுக்கு அனுப்ப என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். உனக்குக் கிடைத்த ஒரே வீட்டை நான்தான் பிடுங்கினேன்.

அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டேன். பலகையை அவன் கையில் கொடுத்தேன், உன் ஆவிமேல் வெயில் படாமல் கறுப்புக் குடை பிடித்து உன்னைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனான் என்றேன். அவள் படியேறி வந்து பார்க்கப் போவதில்லை. மாடிக்கு மாடி கல்யாணக் கேக் கொடுத்தாள், எனக்கும் ஒரு துண்டு வைத்தாள், முழுங்கினேன். ராத்திரி நன்றாகத் தூங்குகிறாள். அதற்கடுத்த ஞாயிறே வழக்கம்போலச் சாப்பாட்டு டப்பாவுக்காக நின்றேன், "இன்னும் என்னங்க, அவ புருஷன் வீட்டுப் பொண்ணு, நாம சோறு குடுத்தா அவங்களுக்கு மரியாதையா இருக்குமா" என்று சிரித்தாள். நண்பரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, கடையில் வாங்கிய சோற்றை உன் முன்னால் வைத்தேன். எனக்கு எழுபத்துநாலு ஆகிறது. என் காலும் ஒரு நாள் போய்விடும், அதற்குப் பிறகு நீ அங்கே இருக்கிறாய் என்று தெரிந்த ஆள் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துக்கொள், முடியாவிட்டாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்.

மலையில் இப்போது மழை அதிகம், பக்கத்துப் பலகைப் பெண்களோடு சண்டை போடாமல் ஒட்டி இரு. இருக்கும் இடத்தில் உன் மனம் குளிர்ந்து இருக்கட்டும், வேறு என்ன சொல்லி வாழ்த்துவது என்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. அம்மாவின் கனவில் மட்டும் வராதே, கண்ணு. உன்னைப் பார்த்தால் நீ எங்கேயும் போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

உன் அப்பா,
சியூ தெங்-ஷான்