கருமத்தம்பட்டியில் பாடிய பெரியவர்

மச்சான்,

நேற்று மத்தியானம் காந்திபுரத்தில் ஒரு கடையில் நின்று நம் பெரியவரைத் தேடினேன். அவர் பாட வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

கேசட் அதேதான். அமெரிக்கக்காரர் தன் கையால் எழுதி ஒட்டிய தாள் பழுப்பேறிப்போய் அப்படியே இருக்கிறது. டப்பாவைத் திறந்ததும் உங்கள் தறிக்குடோன் வாசம் வந்தது, பஞ்சுத் தூசும் மெஷின் எண்ணெயும் கலந்த அதே வாசம். பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுக்கிற கடை அது. கடைக்காரர் கேசட்டைப் போட்டார். கோழிக்குஞ்சுகள் ஓடுவதுபோலக் குடுகுடுவென்று பாஞ்சோவின் கம்பிகள் ஓடின. பின்னாலேயே அந்தப் பெண், சிரிப்பை அடக்கிக்கொண்டு மூச்சு வாங்கப் பாடினாள். தப்பான கேசட் என்று வெளியே எடுக்கச் சொன்னேன். தாளைப் படித்தேன். திரும்பவும் போடச் சொன்னேன். திரும்பவும் அவளேதான்.

"ஏனுங்க, உங்க மெஷின் வேகமா ஓடுதுங்களா?"

"இல்லீங் சார், இதுதான் கரெக்ட் ஸ்பீடு. நீங்க கேட்ட செட்டு ஸ்லோவா ஓடியிருக்குமுங்க. எறக்கிக் காட்டட்டுங்களா?"

இறக்கினார். அந்தப் பெண்ணின் குரல் தடித்தது, நடை தளர்ந்தது, வயது ஏறியது. என் கண் முன்னால் அவள் கிழவராகிப் போனாள். நம் பெரியவர் வந்துவிட்டார். கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அங்கே போனதற்குக் காரணம் அக்கா. நாளைக்கு உங்களுக்கு வருஷ திவசம். போன வாரம் கூப்பிட்டு, "கண்ணு, அவரு கேக்கற அந்தப் பாட்டை அன்னிக்குப் போடோணும். டேப்பு செட்டுல பெல்ட்டு அந்துபோச்சு. எங்கியாச்சும் குடுத்து மாத்தி எடுத்துட்டு வா" என்றாள். போய்க் கொடுத்து வாங்கி வரும் வேலை என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கேசட் நம்மிடம் வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அதை முதலிலிருந்து சொல்லிப் பார்த்தால்தான் எங்கே தடம் மாறினோம் என்று எனக்குப் பிடிபடும் போலிருக்கிறது. தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் திருப்பூரில் பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். ஆர்டர் பார்க்க வருஷத்துக்கு ஒரு தடவை அந்த அமெரிக்கக்காரர் வருவார். ஆறடிக்கு மேல் உயரம், எவ்வளவு வியர்த்தாலும் சிரித்த முகம். தன் மலைநாட்டுப் பாட்டு என்றால் அவருக்கு உயிர். பாஞ்சோவும் பிடிலும் வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்திலும் தேவாலயக் கூடத்திலும் பாடுகிற பாட்டு என்பார். ஒரு தடவை ஊருக்குக் கிளம்பும்போது என் கையில் இரண்டு கேசட்டுகளைத் திணித்தார். ஒன்று கடையில் வாங்கிய ஆல்பம். இன்னொன்று அவர் ஊரில் நடந்த கச்சேரி. ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு அவரே பதிவு செய்தது. கடையில் வாங்கியதைவிட மடியில் பதிந்ததுதான் ஒசத்தி என்று அவர் சொன்னதை நீங்கள் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பீர்கள்.

என் ரூமில் டேப் செட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை கருமத்தம்பட்டியில் உங்கள் வீட்டுக்கு வந்து, இரண்டையும் உங்களிடம் கொடுத்துவிட்டு அவசரமாக பஸ் ஏறிவிட்டேன். அடுத்த ஞாயிறு வந்தபோது, தறியெல்லாம் ஓய்ந்து கிடந்த குடோனுக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். பாவு நூல் மூட்டைமேல் டேப் செட் இருந்தது. "இப்பக் கேளுங்க மாப்ள" என்று பொத்தானை அழுத்திவிட்டு, செட்டின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள்.

முதலில் பாஞ்சோ. ஓட்டு வீட்டில் மழை நின்ற பிறகு சொட்டுகிற மாதிரி ஒவ்வொரு தட்டாக, நிதானமாக. அதன் அடியில் பிடில் முனகிக்கொண்டே வந்தது. பிறகு அந்தக் குரல். எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்ட ஒரு வயசாளி, யாருக்காகவும் இல்லாமல் தனக்கே சொல்லிக்கொள்வது போன்ற குரல். பலகைத் தரையில் நூறு கால்கள் மெதுவாகத் தட்டின. பாட்டு முடிந்ததும் கைதட்டல்கூட கனமாகத்தான் விழுந்தது. "எல்லாம் காட்டுல பாடுபட்ட கை மாப்ள" என்றீர்கள். அன்றே அவருக்குப் பெரியவர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறியதில்லை. எந்தப் பாட்டு உசத்தி, பிடில்காரர் எந்த இடத்தில் அசந்துபோனார், அடுத்த பாட்டுக்கு முன்னால் பெரியவர் ஏன் இருமினார் என்று கல்யாணப் பேச்சு மாதிரி பேசினோம். கடையில் வாங்கிய ஆல்பத்தின் அட்டையில் இளவட்டம் ஒருவன் பாஞ்சோவை மடியில் வைத்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே பாடியதோ இன்னொரு கிழவர். "பழைய போட்டோவைப் போட்டிருக்கறாங்க" என்று முடித்துவிட்டீர்கள். இன்னும் தேடலாமென்று காந்திபுரத்தில் கடை கடையாக ஏறி இறங்கினோம். எல்லாரும் டிஸ்கோவை எடுத்து நீட்டினார்கள். ஒரு பாய் மட்டும் பரணில் ஏறித் தூசி தட்டி, பிடில் படம் போட்ட கேசட் ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டால் அதிலும் கிழவர்கள். "அந்த நாட்டுக்காரங்களுக்குத் தொண்டையே அப்படித்தானுங்க மாப்ள" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். படித்தவன், வெள்ளைக்காரர்களோடு தினம் பேசுகிறவன், தலையாட்டினேன்.

ஆபீஸுக்கு வந்த வேறொரு அமெரிக்க அம்மாளிடம், உங்கள் மலைநாட்டுப் பாட்டெல்லாம் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு துக்கமாக இருக்கிறது என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீயைக் குடித்தாள். என் இங்கிலீஷ்தான் அவளுக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கச்சேரியில் நடுப்பாட்டு உங்களுக்கு ரொம்பப் பிடித்தது. அதைத் தமிழில் சொல்லச் சொன்னீர்கள். இழுத்து இழுத்துப் பாடியதில் எனக்குப் பாதி வார்த்தைதான் சிக்கியது. ஓடையில் தண்ணீர் ஏறுகிறது, கோவேறு கழுதை நடுவழியில் நின்றுவிட்டது, அடித்தாலும் நகரவில்லை, கெஞ்சினாலும் நகரவில்லை, வீட்டில் அம்மா விளக்கேற்றிக் காத்திருக்கிறாள். ஒவ்வொரு அடி முடிந்ததும் கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழும். ஓ, ஓ, ஓ என்று அடிவயிற்றிலிருந்து வரும். அழுகிறார்கள் என்றேன். நீங்களும் அப்படித்தான் கேட்டிருந்தீர்கள். "பெரியவருக்கு ஏதோ பெரிய சேதமாயிருக்குது" என்று பெருமூச்சு விட்டீர்கள்.

பிறகு அந்தக் கெட்ட வருஷம் வந்தது. நூல் விலை எகிறி, எடுத்த பாவுக்கு வந்த கூலி கட்டுபடியாகாமல், பாதித் தறியைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டீர்கள். லாரி போன பிறகு தறிகள் நின்ற இடத்தை நீங்களே கூட்டினீர்கள். அக்கா விளக்குமாற்றைக் கேட்டும் தரவில்லை. அதற்குப் பிறகு யாரோடும் பேச்சில்லை. தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கிறது என்று அக்கா எனக்குப் போன் போட்டு அழுதாள்.

அந்த ஞாயிறு நான் வந்தேன். கேசட்டைப் போட்டீர்கள். கழுதை நின்றது, தண்ணீர் ஏறியது, கூட்டம் ஓ என்றது. நீங்களும் ஓ என்று அழுதீர்கள். நான் எழுந்து கதவைச் சாத்தப் போனேன். "உடுங்க மாப்ள, தொறந்தே கெடக்கட்டும். அங்க அத்தன பேரு அழுவறாங்க. நாம ஒருத்தரு அழுதா என்னங்" என்றீர்கள். எனக்கும் தாங்கவில்லை. காபி டம்ளர்களோடு வாசல்வரை வந்த அக்கா அப்படியே திரும்பிப் போய்விட்டாள். அன்றைக்கு நீங்கள் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினீர்கள்.

இப்போது என் குழப்பம் உங்களுக்குப் புரியும். நேற்று கடையில் சரியான வேகத்தில் அந்தப் பாட்டையும் கேட்டேன். அது முரட்டுக் கழுதையைக் கேலி செய்கிற பாட்டு. கூட்டம் அழவில்லை மச்சான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது.

நேராக கருமத்தம்பட்டிக்கு பஸ் ஏறினேன். அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் டேப் செட்டை எடுத்துப் பின்பக்கத்தைக் கழற்றினேன். மோட்டாரில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகு ஒன்று இருக்கிறது. அதன்மேல் சிவப்பாக ஒரு பொட்டு. தறியில் நீங்கள் ஒரு நட்டை முறுக்கி முடித்தால், இனி யாரும் தொடக்கூடாது என்பதற்கு இப்படித்தான் சிவப்புப் பெயிண்டைத் தொட்டு வைப்பீர்கள். பெல்ட் தளர்ந்துபோய்த் தானாக வந்த கோளாறு இல்லை. வேண்டுமென்றே இறக்கி வைத்திருக்கிறீர்கள். அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. சினிமாப் பாட்டு கேசட் கொண்டு வந்தால் நீங்கள் விடமாட்டீர்கள். "இந்த செட்டுல அதெல்லாம் வேண்டாமுங்க" என்று ரேடியோவைத் திருப்பிவிடுவீர்கள்.

அக்கா பின்னால் வந்து நின்றாள்.

"அது பெயிண்டு இல்ல கண்ணு. எம்பட நகப்பாலிஷு."

"உனக்குத் தெரியுமாக்கா?"

"நீ குடுத்துட்டுப் போன அன்னிக்கே போட்டுப் பாத்தாரு. தகரத்துல கம்பி ஒரசற மாதிரி இருக்குது, பாட்டு எங்கன்னு கேட்டாரு. கீச்சுன்னு மெல்லிசான சத்தமெல்லாம் அவருக்கு அப்பவே கேக்காது. குக்கரு விசிலு, போன் மணி, ஒண்ணுங் கேக்காது. மாப்ள ஆசையாக் குடுத்துட்டுப் போயிருக்கறாரு, கேக்கலேன்னு சொன்னா சங்கடப்படுவாருன்னு வாரம் பூரா அதைத் திருகிட்டே கெடந்தாரு. கடைசியில ஒரு நா, சத்தம் தடிச்சு வரவும், வந்துருச்சு வந்துருச்சுன்னு கத்துனாரு."

தறி ஓட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாகும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் நீங்கள் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. என்ன என்று திருப்பிக் கேட்கிறவரும் இல்லை. பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். என்ன மரியாதை என்று நான் எங்கள் ஆபீஸில்கூடச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் என் வாயைப் படித்துக்கொண்டிருந்தீர்கள்.

"பாடறது பொம்பளப் புள்ளன்னும் தெரியுமா?"

"மொத நாளே கேட்டேனே."

"அப்பறம் ஏனக்கா இத்தன வருசமாச் சொல்லல?"

"நீங்க ரெண்டு பேரும் பெரியவரு பெரியவருன்னு அத்தன மரியாதையாப் பேசிட்டிருந்தீங்க. நடுவுல பூந்து என்னத்தைச் சொல்றது?" சேலைத் தலைப்பால் செட்டைத் துடைத்தாள். "அவுங்க சிரிக்கறதும் எனக்குத் தெரியும் கண்ணு. காபியோட வாசல்ல நின்னேனே. இவரு அழுவறாரு. அழுவட்டும்னு உட்டுட்டேன். அன்னிக்கு அழுவாம இருந்திருந்தா, அவரு எனக்கு மிஞ்சியிருக்க மாட்டாரு."

மச்சான், எனக்கு உங்கள்மேல் கோபம்கூட வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் குறைத்தா நினைத்திருப்பேன்? கேட்காததைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள ஒரு மோட்டாரையே திருகிய மனிதர் நீங்கள். ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொண்டீர்கள் என்றும் சொல்ல முடியவில்லையே. நீங்கள் கேட்டீர்கள். என்னைவிட நன்றாகக் கேட்டீர்கள். அப்படியானால் நாம் கேட்டது எது? அந்தப் பெண் பாடியதா, நீங்கள் திருகியதா? அங்கே சிரித்தார்கள், இங்கே அழுதோம், இரண்டும் ஒரே நாடாவில் இருக்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் எது அசல் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் இப்போது உண்மையாகவே வயதாகியிருக்கும். அவளுக்கு இதைச் சொன்னால் என்ன நினைப்பாள் என்றும் தெரியவில்லை.

கடைக்காரர் இரண்டையும் தனித்தனியாக ஏற்றிக் கொடுத்திருக்கிறார், ஓடுவது ஒன்று, நடப்பது ஒன்று. நாளைக்கு எதைப் போடட்டும் என்று அக்காவைக் கேட்டேன். உங்கள் படத்தை நிமிர்த்தி வைத்தாள்.

"அந்தப் புள்ள நல்லாத்தான் பாடுது. ஆனா அவரு அதைக் கேட்டதே இல்லையே. பெரியவரையே பாடச் சொல்லு கண்ணு."

அப்படியே செய்கிறேன். தெரு முக்கில் யாராவது கூட்டமாகச் சிரித்தால், நேற்றிலிருந்து எனக்கு அது ஒரு கணம் அழுகையாகவே கேட்கிறது. நின்று முகங்களைப் பார்த்த பிறகுதான் நடக்கிறேன். இது சரியாகுமா, சரியாக வேண்டுமா என்றும் தெரியவில்லை. நாளைக்குப் பெரியவர் பாடும்போது, ஓடாத உங்கள் டேப் செட்டைப் பக்கத்தில் வைத்து, அதன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கழுதை நின்றதும் கூட்டம் சிரிக்கும். நான் உங்களோடு அழுவேன்.

உங்கள் மாப்பிள்ளை